அம்மாவின் கண்ணாடியைத் துடைத்தவருக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

அம்மா போய் இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. கடைசி நாட்கள் எப்படிக் கழிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒருவருக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது மூக்கு நுனியில் இருந்தால் படிக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது. நெற்றிக்கு ஏறிவிட்டால் கோபம். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் அழுதிருக்கிறார் என்று பொருள். இந்த மூன்றாவதை நான் கண்டுகொள்ள முப்பது வயதாயிற்று. பேரப்பிள்ளைகளுக்கோ எல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பேரனின் நோட்டைத் திறந்து, கண்ணாடியை மேலே தள்ளி, "இது எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?" என்று அவர் கேட்பதற்கு முன்பே அவன் அழிப்பானைத் தேட ஆரம்பித்திருப்பான். அப்பா தம் பேனாவை ஒருநாளும் தாமாகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் "என் கண்ணாடி எங்கே?" என்று அம்மா கேட்டு முடிக்கும் முன் அது எந்த மேசையில், எந்தப் புத்தகத்தின் கீழே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். 51 வருடமாக இதுதான் அவர் வேலை.

மருத்துவமனையில் சேர்த்த அன்று, உடைந்துவிடக் கூடாதே என்று அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு, கூட்டைப் பையில் போட்டு, பையை அலமாரிக்குள் வைத்தவள் நான்தான். பத்திரமாம்.

அடுத்த நான்கு நாட்கள் அம்மா அம்மாவாக இல்லை. சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொன்னார். என்னைத் தம் அக்கா என்று நினைத்துப் பேசினார். அப்பாவைப் பார்த்து, "பாவம், இந்தப் பெரியவர் ரொம்ப நேரமாக நிற்கிறார், ஒரு நாற்காலி கொடுங்கள்" என்றார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நன்றி அம்மா" என்றும் சொன்னார். மூளையே போய்விட்டது, இனி இப்படித்தான் என்று நாங்கள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலை தரை துடைக்க ஒரு பெண் வந்தார். கட்டிலுக்கு அடியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தவர், அம்மாவின் முகத்தையே பார்த்தார். "மூக்கில் இரண்டு பக்கமும் தழும்பு இருக்கிறதே, கண்ணாடி போடுகிறவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கே அது?"

எனக்குச் சுருக்கென்றது. எடுத்துக் கொடுத்தேன். சேர்த்த அன்றைய அவசரத்தில் பட்ட விரல் தடங்கள் அப்படியே இருந்தன. அவர் கையுறையைக் கழற்றிக் கைகளைக் கழுவினார். கண்ணாடியையும் குழாயில் காட்டினார். பையிலிருந்து நாலாக மடித்த நீலத் துணித் துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தி இல்லாமல் ஒரு ஓரத்தை மறுபடி துடைத்தார். பிறகு அம்மாவின் காதோர முடியை ஒதுக்கி, முதலில் ஒரு காம்பு, அப்புறம் மறு காம்பு என்று மாட்டிவிட்டார். "இப்போது பாருங்கள் அம்மா."

அம்மா பார்த்தார். அந்தப் பெண்ணை, ஜன்னலை, என்னை. கடைசியாக அப்பாவை, வெகுநேரம்.

"சவரம் செய்து எத்தனை நாளாயிற்று?" என்றார்.

அத்தனை நாளும் அழாத அப்பா அப்போதுதான் அழுதார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் வாளியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கண்ணாடி மட்டுமே குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன். மருந்தும் வேலை செய்திருக்கும். அன்று மாலை அம்மா மறுபடி கொஞ்சம் குழம்பினார். சிறிது சிறிதாகத்தான் தெளிந்தார். இதற்கு டெலிரியம் என்று பெயர், முதியவர்களுக்கு மருத்துவமனையில் அடிக்கடி வருவது, பெரும்பாலும் தற்காலிகமானது என்று பிறகு ஒரு மருத்துவர் விளக்கினார். தேடிப் படித்தேன். 1999இல் அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. கண்ணாடியையும் காது கருவியையும் கையில் கொடுப்பது, இன்று என்ன கிழமை என்று சொல்வது, இரவில் தூங்க விடுவது, நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது. இவற்றைக் கவனமாகச் செய்த பிரிவில் இந்தக் குழப்பம் 9.9 விழுக்காட்டினருக்கு வந்தது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு. நாங்கள் ஒன்றையும் அறியாமல் சுற்றி நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். தரை துடைக்க வந்தவர் ஒரு தழும்பைப் பார்த்தார்.

அதன் பிறகு அம்மா எங்களோடு பதினோரு நாட்கள் இருந்தார். ஏழு நாள் வீட்டில். பேரனின் நோட்டைத் திருத்தினார். குறுக்கெழுத்தில் அப்பா போட்ட விடை தப்பு என்று சண்டை பிடித்தார்; தப்புதான். என்னிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அது எங்களுக்குள்.

இரவு மாற்றி மாற்றி விழித்திருந்த சித்தி, மாமா, அத்தை பிள்ளைகளுக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்து வந்த நண்பர்களுக்கும், ஒன்றுமே பேசாமல் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன பெரியவர்களுக்கும் நன்றி. பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன். அம்மா போன அன்று விடிகாலையில் வந்த கண் வங்கிக்காரர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால், மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள் என்று போனிலேயே பொறுமையாகச் சொன்னார்கள். "கண்ணாடி போட்டவர் கண்ணை எடுத்துக்கொள்வார்களா?" என்று சித்தி தயங்கிக் கேட்டார். கருவிழி நன்றாக இருந்தால் போதும், கண்ணாடி தடையில்லை என்றார்கள்.

இனி எந்த முதியவரை மருத்துவமனையில் பார்க்கப் போனாலும் முதலில் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். அநாகரிகம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

கண்ணாடியைத் துடைத்தவரே, வீட்டுக்குக் கிளம்பிய அன்று உங்களைத் தேடினோம். வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள்; அங்கேயும் நீங்கள் இல்லை. அந்த நீலத் துணியைக் கட்டிலிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். கடைசி வரை அம்மா அதில்தான் கண்ணாடியைத் துடைத்தார். துவைத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அவர் மகள்