பாஸ்போ எம்எல்கேஎல் ஆன்டிபாடி வாங்குவோருக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாஸ்போ ஆன்டிபாடி (பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி) பற்றி எங்களுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் "சார், பேண்டே வரலை" என்றுதான் தொடங்குகின்றன (பேண்ட் என்பது வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனையில், தெரியும் கோடு). அதனால் இனி பாஸ்போ எம்எல்கேஎல் ஆர்டர் வந்தால், பில் போடுவதற்கு முன்பே உங்கள் செல் மனிதனுடையதா, சுண்டெலியுடையதா என்று கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது.

நெக்ரோப்டோசிஸ் என்னும் செல் சாவில் ஆர்ஐபிகே1 என்ற புரதம் ஆர்ஐபிகே3 என்ற புரதத்தைத் தூண்டிவிடும். ஆர்ஐபிகே3 எம்எல்கேஎல் என்ற புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறிய எம்எல்கேஎல் கூட்டாகச் சேர்ந்து செல் சவ்வை உடைத்துவிடும். அந்தப் பாஸ்பேட் ஏறும் இடம் மனிதரில் 358ஆம் அமினோ அமிலமான செரின், சுண்டெலியில் 345ஆம் செரின். சுற்றியுள்ள அமினோ அமில வரிசையும் வேறு என்பதால், ஒன்றுக்குச் செய்த ஆன்டிபாடி மற்றதைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. ஆர்ஐபிகே3-லும் இதே கதைதான்: மனிதரில் செரின் 227, சுண்டெலியில் த்ரியோனின் 231, செரின் 232. ஆர்ஐபிகே1-ல் மட்டும் இரண்டுக்கும் செரின் 166. எண் ஒன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், எந்த இனத்தில் சோதித்தார்கள் என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது செல். ஹீலா என்ற மனித செல் வகை எல்லா லேபிலும் இருக்கிறது, ஆனால் அதில் ஆர்ஐபிகே3 இல்லை. எவ்வளவு விலையுள்ள ஆன்டிபாடி போட்டாலும் பேண்ட் வராது. மனித செல் வேண்டுமென்றால் எச்டி-29 எடுங்கள். அதற்கும் டிஎன்எஃப் (செல் சாவைத் தூண்டக்கூடிய புரதம்) மட்டும் கொடுத்தால் போதாது. ஸ்மாக் மிமெடிக்கும் (செல் சாவைத் தடுக்கும் புரதங்களை நீக்கும் மருந்து) காஸ்பேஸ் நொதியைத் தடுக்கும் இசட்-வாடும் சேர்ந்தால்தான் செல் இந்த வழியில் சாகும். சுண்டெலி செல்லான எல்929-க்கு டிஎன்எஃப்பும் இசட்-வாடுமே போதும்.

லைசேட் (செல்லை உடைத்து எடுக்கும் கரைசல்) எடுக்கும்போது மிதக்கும் செல்களை மீடியத்தோடு உறிஞ்சிக் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் தேடும் பாஸ்போ எம்எல்கேஎல் அவற்றில்தான் நிறைய இருக்கும். சோடியம் ஃப்ளூரைடு, வனடேட் போன்ற பாஸ்ஃபடேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான்களை பஃபரில் மறக்காமல் சேருங்கள். எல்லாம் ஐஸில் நடக்கட்டும். பிளாக்கிங்குக்கு (பிளாட்டில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மூடுவதற்கு) பால் பவுடரைவிட பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) நல்லது, பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்தான். ஆன்டிபாடியைத் திரும்பப் பயன்படுத்த, கெடாமல் இருக்க சோடியம் அசைடு போட்டு வைப்பவர்கள், எச்ஆர்பி (பேண்டைக் காட்டும் நொதி) ஒட்டிய செகண்டரி ஆன்டிபாடியில் மட்டும் அதைப் போட வேண்டாம். எச்ஆர்பி வேலையே செய்யாது.

சரி, பேண்ட் வந்துவிட்டது, அது உண்மையான பாஸ்போ பேண்டா? லைசேட்டின் ஒரு பங்கை லாம்டா பாஸ்ஃபடேஸில் ஊறவைத்து ஓட்டுங்கள். உண்மையானது என்றால் அந்த லேனில் மறைந்துவிடும். ஆனால் இந்தப் பங்கைத் தடுப்பானும் ஈடிடிஏவும் இல்லாத பஃபரில் தனியாக எடுத்திருக்க வேண்டும். அந்த நொதிக்கு மாங்கனீஸ் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மொத்த எம்எல்கேஎல்லையும் (பாஸ்பேட் ஏறியது, ஏறாதது இரண்டும்) பக்கத்திலேயே காட்டுங்கள், சுமார் 54 கிலோடால்டனில் வரும். அது இல்லாத படத்தை வைத்துக்கொண்டு எங்களாலும் எதுவும் சொல்ல முடியாது.

புகார் அனுப்பும்போது மார்க்கர் தெரியும்படி, வெட்டாத முழு பிளாட்டின் படம், செல்லின் பெயர், எந்த மருந்து, எத்தனை மணி நேரம், குப்பியில் உள்ள லாட் எண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். லாட்டில் கோளாறு என்று தெரிந்தால் மாற்றுக் குப்பி தருவது எங்கள் பொறுப்பு.