யூரியா எறியிறதுக்கு முதல் ஒரு கொடியக் கிளப்பிப் பாரு

மச்சான்,

நீ அனுப்பின போட்டோவ ராவு பார்த்தன், மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. பந்தலெல்லாம் வடிவாக் கட்டியிரிக்காய், ஆனா பயத்தங்கொடி அடியில இருந்து மஞ்சளாகி வருது. இத்தன வருசம் வெளிநாட்டுல கிடந்துட்டு வந்து மண்ணுல கை வெச்ச முதல் மாரியே இப்பிடி எண்டா ஆருக்கும் வெறுத்துத்தான் போகும். விட்டுராத. நாளைக்கு யூரியா வாங்கி எறியப் போறன் எண்டு எழுதியிரிக்காய் பாரு, அத மறிக்கத்தான் உடன எழுதுறன்.

இங்கயும் மழ விட்டபாடில்ல. நம்மட மட்டக்களப்புப் பக்கத்துக்கு வருச மழைல அரைவாசிக்கு மேல ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலதானே கொட்டித் தீருது. என்ட வளவு கடற்கரை மணல், தண்ணி ஒள்ளுப்ப நேரத்துல இறங்கிரும், ஆனா போட்ட பசளையும் அதோடயே போயிரும், அது என்ட கரைச்சல். உன்ட வளவு வயலோரத்துக் களி. அங்க தண்ணி நிண்டா நிண்டதுதான், வேருக்கு மூச்செடுக்க வழியில்ல.

ஆக மோசமான கொடி ஒண்ட மம்பட்டியால மண்ணோட கிளப்பு. இழுத்துப் புடுங்காத, வேர்ல உள்ள குமிழ் அறுந்திரும். வாளித் தண்ணில மெதுவா அலம்பிப் பார்த்தா கடுகளவு, பயறளவுல குமிழ் தெரியும், ஒண்ட நகத்தால கீறிப் பாரு. உள்ள இளஞ்சிவப்பா இரிந்தா அது வேல செய்யிது, காத்துல உள்ள நைதரசன எடுத்துக் கொடிக்குக் குடுக்குது. பச்சையா சாம்பலா நசிஞ்சு கிடந்தா அதுக்குள்ள இரிக்கிற பக்டீரியாவுக்கு ஒக்சிசன் கிடைக்கல்ல எண்டு அர்த்தம். அப்ப கொடி என்ன செய்யும், பழைய இலைல உள்ள நைதரசன உருவிக் குருத்துக்கு அனுப்பும், அதாலதான் அடியிலை முதல் மஞ்சளாகுது. இந்த நிலைல யூரியா போட்டா கொஞ்சம் கழுவிப் போகும், கொஞ்சம் வாயுவாப் போகும், மிச்சத்த எடுக்க நல்ல வேரும் இல்ல.

முதல் வேல தண்ணி வடியிறதுக்குக் கானு வெட்டுறது. வரிசைக்கு வரிசை வெட்டி மண்ண ரெண்டு பக்கமும் பாத்திக்கு ஏத்து, ஒரு சாண் உசரமாவது வரணும், கான்ட வாய் பள்ளப் பக்கம் திறந்து இரிக்கணும். ஈர மண்ணுல மிதிச்சுத் திரியாத, களி இறுகிரும். மறுகா தண்ணி வடிஞ்சு ஒள்ளுப்பம் காஞ்சதும் மேல் மண்ணக் கிளறி விடு. வெள்ளையா புது வேர் விட்டா, பின்னேரத்துல லீட்டர் தண்ணிக்கு 10 கிராம் யூரியா கரைச்சு இலைக்கு அடிக்கலாம், அது போதும். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதப் பார்த்துக் கவலப்படாத, குருத்தப் பாரு.

எல்லா மஞ்சளும் ஒண்டில்ல மச்சான். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டா அது இரும்புச் சத்துக் குறைவு. இலை சுருண்டு மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டா வந்தா வைரசு, அதுக்கு மருந்தே இல்ல, கடைல என்ன சொன்னாலும் வாங்காத, புடுங்கி எரிச்சிரு. வெள்ள ஈயும் அழுக்கணவன் பூச்சியும் அத மற்றக் கொடிக்குப் பரப்பிரும். சின்னக் கண்டுல தண்டடி வீங்கி வெடிச்சிரிந்தா கீறிப் பாரு, உள்ள ஒரு சின்ன ஈட புழு கிடக்கும். ஐமிச்சமா இரிந்தா விவசாயத் திணைக்களத்துட 1920க்கு ஒரு கோல் எடு.

வீட்டுல எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வந்தாறுமூலை கம்பஸ் கிடைச்சிரிக்கு, அவள்ட அம்மாக்குத்தான் நித்திரையில்ல. உங்கட அம்மாட முழங்கால் நோ எப்பிடி? அவ வெக்கிற பயத்தங்காய்ப் பால்கறி இன்னும் நாக்குல நிக்கிது எண்டு சொல்லு, அந்தக் கறிக்காகத்தானே இந்தக் கொடியெல்லாம் போட்டிரிக்காய்.

வேர்ட போட்டோவ நல்ல வெளிச்சத்துல எடுத்து வாட்ஸ்அப்ல போடு. பாதிக் கொடி செத்தாலும் இப்ப திரும்ப விதை ஊண்டாத, இந்த ஈரத்துல விதையே அழுகிரும். பொங்கலுக்கு வரக்குள்ள என்ட விதைல ஒரு போத்தல் கொண்டு வாறன், மழ குறைஞ்சதும் ஊண்டினா ரெண்டு மாசத்துல காய் ஆயலாம். அதுக்குள்ள கான வெட்டி வெய்.

உன்ட மச்சான்
களுதாவளை