குதிரைக்குக் கிடைக்கும் கவனிப்பு ஓடும் பிள்ளைகளுக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கும் முன்பே ஊருக்கு ஊர் ‘மினி மாரத்தான்’ சுவரொட்டிகள் வந்துவிட்டன. அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, ஓட்டத்தின்மீது இன்றும் ஆசை குறையாதவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஓட்டப் பந்தயம் தரும் பரவசத்துக்கு ஈடில்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலத்தைத் தவறவிட்ட செய்தி வந்த பிறகு, எங்கள் மாணவிகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லைக்கோட்டில் நெஞ்சை முன்னே தள்ளி ஓடிப் பழகியது நினைவிருக்கிறது. இளவயதில் கிண்டிப் பந்தயத் திடலின் வேலியோரம் நின்றபோதும் அதே பரவசம்தான். குதிரைகள் கூட்டமாக நெருங்கி வருகையில் நிலத்தின் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். குதிரைமீது பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது வேறு விவாதம்.

குதிரைப் பந்தயத்தின் ஆபத்தும் சிறியதன்று. அரை டன் எடையுள்ள விலங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய கால்களை நம்பி ஓடுகிறது. கால் முறிந்தால் பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா அனிட்டா திடலில் 2018 டிசம்பரில் தொடங்கிய ஒரே பருவத்தில் சுமார் 30 குதிரைகள் மடிந்ததால், பந்தயங்களைச் சில காலம் நிறுத்தி விதிகளை இறுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அத்தகைய அடிகள் பட்டதால் அந்த உலகம் சிலவற்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளில் ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் நிற்கிறார். குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓட விடுவதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் புழுக்கத்துக்கு அஞ்சிக் குதிரைகளுக்காக நீர்த்திவலை தெளிக்கும் பெரிய மின்விசிறிகளை நிறுவினார்கள். நம் ஊர்ப் பந்தயத்தில் ஓடும் பிள்ளைக்கு இதில் பாதியாவது கிடைக்கிறதா?

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவிலான 5,000 மீட்டர் ஓட்டம் ஒன்று, சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால், பகல் பதினொரு மணிக்குத் தொடங்கியது. முன்னணியில் ஓடிய 17 வயது மாணவனுக்குக் கடைசிச் சுற்றில் கால் பின்னியது. சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் ஓட முயன்றான். தாங்கிப் பிடித்துப் பெயரைக் கேட்டால் ஊரைச் சொன்னான். உடம்பு அனலாகக் கொதித்தது. நாங்கள் குளுக்கோஸ் தண்ணீரைப் புகட்டப் பார்த்தோம்; பிறகு வேனில் ஏற்றி நாற்பது நிமிடப் பயணத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான், ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு அதன்பின் ஓடவே இல்லை. மைதானத்தின் ஓரத்திலேயே ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவனை அதில் இறக்க வேண்டும் என்று அங்கிருந்த ஆசிரியர்களில் ஒருவருக்கும், எனக்கும்தான், தோன்றவில்லை.

ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்குக்கு மருந்து அந்தத் தொட்டிதான். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தடுமாறுபவரை, முதல் அரை மணி நேரத்துக்குள் பனிக்கட்டி கலந்த நீரில் கழுத்துவரை அமர்த்திக் குளிர்வித்த பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ஏழு மைல் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படிச் சிகிச்சை பெற்ற 274 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

மாரடைப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளை ஓடவிடாமல் தடுக்கும் பெற்றோரும் உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்குத்தான் இதயம் நின்றது. அவர்களிலும் பிழைத்தோருக்குப் பெரிதும் உதவியது அருகிலிருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்திக் கொடுத்த முதலுதவியே. மறுபக்கம், 2024-இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் வேலைக்காக ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடவேண்டிய தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மடிந்தார்கள். வேலை கிடைக்குமென்று ஓடியவன் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி நிற்கமாட்டான். அவனை நிறுத்தும் அதிகாரத்தோடு வேறொருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

எனவே, சாலை ஓட்டங்களுக்கு அனுமதி தரும் காவல்துறையும் மாவட்ட விளையாட்டு அலுவலர்களும், எல்லைக்கோட்டருகே தண்ணீர்த் தொட்டியும் பனிக்கட்டியும், முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களும், வெயில் ஏறினால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஒரு மருத்துவரும் இருப்பதை உறுதி செய்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டம் காலை ஆறு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். கொடியசைக்க வேண்டியவர் அதற்குள் வந்து சேரவில்லையென்றால் விசில் ஊதித் தொடங்கிவிடலாம். அவர் பரிசளிப்புக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.