சித்தப்பாவுக்குக் கைமாற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே மறித்துப் பேசுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

பொன்னேரி சித்தப்பா நவரைப் பட்டத்து நெல் நடவுக்காக உன்னிடம் கைமாற்று கேட்டதாக அம்மா சொன்னாள். "அரிசி விற்கிற விலைக்கு, விளைய வைக்கிறவருக்கு என்ன கஷ்டம்?" என்று நீ கேட்டாயாம். நியாயமான கேள்விதான். கூடப் பிறந்தவன் நெல் போடாமல் இருந்தால், தண்டையார்பேட்டையில் மூட்டை வாங்கித் தின்கிற நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நம் வீட்டில் மாதம் ஒரு மூட்டை அரிசி ஆகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். அதிலிருந்து கடையில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. ஒரு கிலோ கூடினால் வரி கிடையாதாம், பார்த்துக்கொள்! வரி தப்பினாலும் நல்ல பழைய அரிசி கிலோ 60 ரூபாய்க்குக் கீழே வருவதில்லை. ரேஷனில் போடும் இலவச அரிசி இட்லி மாவுக்குப் போய்விடுகிறது. 30 ரூபாய் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வரும் நாளைத் தவறவிட்டால் அம்மா என்னை வீட்டில் இருக்கவிட மாட்டாள்.

இப்போது சித்தப்பா கணக்கைப் பார். 2025-26 சீசனில் சாதா ரக நெல்லுக்கு, தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 67 கிலோ அரிசி தேறும். அப்படியானால் அரிசிக் கணக்கில் அவன் கைக்கு வருவது கிலோவுக்கு 37 ரூபாய். அதுவும் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டால். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவா என்பார்கள். பனியில் எங்கே காயும்? களத்துக்கே வரும் வியாபாரி சொல்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

மீதி விலையெல்லாம் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். செங்குன்றம் மில்லுக்காரர் அரிசியைப் பழசாக்க மாதக்கணக்கில் முதலை முடக்குகிறார், அதற்கு வட்டி உண்டு, வண்டி வாடகை உண்டு. ஆனால் நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வயலுக்குப் போகிறது என்று மட்டும் நினைக்காதே.

செலவு அவனுக்கும் நிற்கவில்லை. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுதான், மானியத்தால் அது ஏறாமல் நிற்கிறது. ஆனால் கடைக்காரர் கூடவே வேறு ஏதோ ஒரு பாட்டிலையும் தலையில் கட்டுகிறாராம். டிஏபி உர மூட்டை 1,200இல் இருந்தது, 2022இல் 1,350 ஆயிற்று. மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், அது ஒன்றுதான் நிம்மதி. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி அவர்கள் சொல்வதுதான். அறுப்பு இயந்திரத்துக்கு வாடகை மணிக்கணக்கில். டிசம்பர் மழையில் சம்பா சாய்ந்துபோயிற்று. சாய்ந்த பயிரை மெஷின் மெதுவாகத்தான் அறுக்கும், மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். விளைச்சலும் குறைவு, செலவும் கூடுதல்.

இன்னொன்றை நீ யோசிக்கவே இல்லை. அவன் விற்பது நெல் மட்டும். எண்ணெய், பருப்பு, தக்காளி எல்லாம் நம்மைப் போலக் கடையில்தான் வாங்குகிறான். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் கூட்டியபோது இங்கே அப்பளம் பொரிப்பது நின்றது, சித்தி வீட்டிலும் நின்றது. விலை ஏறினால் விவசாயிக்கு லாபம் என்பவர்கள், விவசாயி வீட்டிலும் அடுப்பு எரிகிறது என்பதை எப்படித்தான் மறக்கிறார்களோ.

அதனால் இந்த மாதம் எங்களுக்கு அனுப்புவதை அப்படியே சித்தப்பா கணக்கில் போட்டுவிடு. நாங்கள் சமாளித்துக்கொள்வோம். என் பென்ஷன் இருக்கிறது, தம்பியும் கொஞ்சம் கொடுக்கிறான். காசிமேட்டில் இப்போது மீன் வரத்து நன்றாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வந்தால்தான் எங்களுக்குக் கை கடிக்கும், அப்போது அனுப்பு.

பணம் போடும்போது அவனிடம் எதுவும் கேட்காதே. எப்போது திருப்பித் தருவீர்கள் என்றும் கேட்காதே. நவரை அறுத்ததும் அவனே பேசுவான். என்னிடம் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே, கூச்சப்படுவான்.

அப்புறம், ஆப்பில் காய்கறி ஆர்டர் போட்டு அனுப்புவதை நிறுத்து. அந்த வெண்டைக்காய் முற்றல்.

அன்புடன்,
அப்பா