சிவா திரும்பியபடி

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள சேகர்,

நலம்தானே? ஸ்ரீரங்கத்து வீடு பழகிவிட்டதா, மாடிப்படி முழங்காலைப் படுத்துகிறதா, எழுது. இங்கே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் அதிலிருந்தே ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு கிடைத்தது: "கை வாட, கலங்கி மாதம் பிறந்தால் கொடுப்பது (3)". 'கை வாட'வைக் கலக்கினால் வாடகை, மூன்றெழுத்து! ஏற்றிய தொகைக்கு எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்.

ஆமாம், இப்போது நானே குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறேன். ஹிந்து பேப்பரில் அந்தக் கட்டம் 1971-ல் தொடங்கியபோது நாம் அரை டிராயர். பிறகு வேலைக்குப் போன காலத்தில், தாம்பரத்தில் ரயிலேறி பீச்சில் இறங்குவதற்குள் முடிக்கப் பார்ப்போமே! ஒரே பேப்பர், ஒரே பென்சில். சைதாப்பேட்டை வரை நீ வாயைத் திறக்கமாட்டாய். மாம்பலத்தில் கூட்டம் நெருக்கும்போது திடீரென்று தொடையில் ஓங்கித் தட்டுவாய். பெரும்பாலும் என் தொடையில்.

ஆங்கிலத்தில் 26 எழுத்தையும் இஷ்டத்துக்குக் கலைக்கலாம். தமிழில் உயிர்மெய் விடாது. 'கை'யைப் பிய்த்து 'ஐ'யை வெளியே எடுக்க முடியாது. ஆனால் நமக்கு வேறு கொடுப்பினை இருக்கிறது. பள்ளியில் புணர்ச்சி இலக்கணம் என்றாலே ஓடினோமே, வேடிக்கையெல்லாம் அங்கேதான்.

இதைப் பார்: "சிவா திரும்பியபடி (2)". எவனோ கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுபோல் இல்லை? 'திரும்பியபடி'யை நடுவில் வெட்டு. திரும்பிய சிவா, வாசி. மிச்சமுள்ள 'படி'க்குப் பொருளும் வாசி. மூன்று நாள் குளியலறையில் முணுமுணுத்துப் பிடித்தது இது. பேத்தியிடம் விடையைச் சொன்னதும் முறைத்தாள். "தாத்தா, இது ஏமாத்து வேலை."

ஏமாற்றுவதுதான், ஆனால் பொய் கூடாது. விடைக்கு வேண்டியது முழுக்கக் குறிப்பிலேயே இருக்கவேண்டும்; வேண்டாத சொல் ஒன்றும் இருக்கக்கூடாது. (நீ போட்ட குறிப்புகளில் இரண்டாவது விதி எப்போதும் காற்றில் பறக்கும்.) காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் வைத்தாரே, அந்தச் சிலேடையின் தம்பிதான் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வித்தியாசம். சிலேடையில் இரண்டு பொருளும் மேடையில் நிற்கும். இங்கே ஒன்று மேடையில் ஆடிக் கண்ணைக் கட்டும், மற்றது திரைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்கும்.

உனக்கென்று ஒன்று போட்டிருக்கிறேன்: "சோலையருகே பாயைப் போடு; ஆறு (3)".

தெரியாவிட்டால் சாயங்காலம் அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டு வா. விடை காலில் படும், இந்த மாதம் தண்ணீர் விட்டிருந்தால்.

உன்,
சுந்தரம்