விலைப் பலகையில் கடலின் பெயரையும் எழுதுங்கள்

மதுரை மீன் மார்க்கெட் வியாபாரிகளுக்கு வணக்கம்.

நான் இங்கே ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் உங்களிடம்தான் மீன் வாங்குகிறேன். எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விலை எழுதும் பலகையில், மீன் வடகடலா தென்கடலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மண்டபம், பாம்பன் ஆட்கள் உங்களிடம் இந்தச் சொற்களில்தான் பேசுவார்கள். வடகடல் என்பது பாக் விரிகுடா. அதில் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. (நம் வைகையும், ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி மிஞ்சினால், ஆற்றங்கரையில் அந்தக் கடலில்தான் சேர்கிறது.) தென்கடலான மன்னார் வளைகுடா போகப்போக 1000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே பாம்பன் கால்வாயும் ராமர் பாலத்து மணல்திட்டுகளின் இடைவெளிகளும்தான் வழி. அந்த வழியில் ஓடும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், காற்று மாறினால் திசை மாறும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் தென்கடலிலிருந்து வடகடலுக்குப் போகிறது. அப்போது மன்னார் வளைகுடாவில் மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலேறும். அதில் நுண்பாசி பெருகும். சாளைக்கு அதுதான் தீனி.

வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். பிப்ரவரியிலிருந்து மே வரை கிழக்குக் கரையோரம் வடக்கே போன நீரோட்டம், கார்த்திகையில் தெற்கே ஓடிக்கொண்டிருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் அதோடு கலந்து வருகிறது. ஒரு கிலோ அரபிக்கடல் நீரில் 36 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். வங்காள விரிகுடாவின் வடகோடியில் மழைக்குப் பிறகு அது 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. இப்படி உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி அரபிக்கடல் வரை போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஒரு கார்த்திகை மாதம், வழக்கமாக வாங்கும் மீன் இல்லையென்று உங்களில் ஒருவரிடம் நான் சத்தம் போட்டேன். "வரத்து இல்ல சார்" என்றார். நான் நம்பவில்லை. அப்புறம் என் வகுப்பில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், "வாடை வந்துட்டா எங்கப்பா படகைத் தென்கடலுக்கு மாத்திருவாங்க சார்" என்றான். கடல் மாறினால் வலையில் விழுவதும் மாறத்தானே செய்யும்? அன்று உங்களிடம் கோபப்பட்டது தவறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பது மதுரையில் எல்லாருக்கும் தெரியும், பேப்பரில் வருகிறது. காற்றும் நீவாடும் திரும்புவதை யாரும் அச்சடித்துத் தருவதில்லை. உங்கள் பலகை அதைச் சொல்லலாம். ஐஸ் பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கேரளத்து மீன், வளர்ப்பு மீன் என்றால் அதையே எழுதுங்கள். மக்கள் தினமும் பார்த்தால், நாலு மாதத்தில் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

சாக்பீஸ், பலகைச் செலவு என்னுடையது. முதல் வாரம் எழுதித்தர என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன். ஏலம் முடிந்து எந்த நேரத்தில் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது என்று மட்டும் சொல்லுங்கள்.