இடம் மாற்றிய தேனீக்கள்

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. ரப்பர் தோட்டத்துப் பெட்டிகளில் இவ்வாண்டு தேன் நன்றாகக் கிடைத்ததை அறிந்து மகிழ்ந்தேன். அந்தத் தேன் பூவிலிருந்து அல்ல, தளிர் இலையின் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது என்றால் இங்குள்ளவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உன் மகன் இத்தாலியத் தேனீக்களை வரவழைக்க நினைப்பதாகச் சொல்லி என் கருத்தைக் கேட்டிருந்தாய். இந்நாட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன், முடிவு உங்களுடையது.

இங்கே இரண்டு வகைத் தேனீக்கள் இயற்கையாகவே வாழ்கின்றன. தெற்குக் கடற்கரையை ஒட்டிக் கேப் தேனீ; எங்கள் நேட்டால் உள்ளிட்ட மற்றப் பகுதிகளில் ஸ்கூட்டெல்லாட்டா. 1956இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டு, தப்பிப் பெருகி, ‘கொலைகாரத் தேனீ’ என்று பெயரெடுத்ததும் இந்த ஸ்கூட்டெல்லாட்டாதான். இங்கே அதை யாரும் அப்படி அழைப்பதில்லை.

ராணியை இழந்த கூட்டில் பணித்தேனீக்கள் முட்டையிட்டாலும் ஆண் தேனீக்களே பிறக்கும், கூடு அழிந்துபோகும் என்பதை நீ எத்தனையோ முறை கண்டிருப்பாய். கேப் தேனீ இதற்கு விலக்கு. ஆணோடு சேராத பணித்தேனீ இடும் முட்டைக்குள், பிரிந்த உட்கருக்களில் இரண்டு மீண்டும் ஒன்றுகூடுவதால், அதிலிருந்து பெண்ணே பிறக்கிறது. 1912இலேயே ஆனியன்ஸ் என்பவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். பலத்த காற்று வீசும் அந்தப் பகுதியில் இணைசேரப் பறக்கும் இளம் ராணிகள் திரும்பாமல் போவது அதிகம் என்பதால் இத்திறன் நிலைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சொந்த மண்ணில் அது கூட்டைக் காக்கும் வரம்.

1990ஆம் ஆண்டையொட்டி, தேனீ வளர்ப்போர் கேப் பெட்டிகளை வடக்கே ஏற்றிச் சென்றார்கள். அங்கே கேப் பணித்தேனீக்கள் ஸ்கூட்டெல்லாட்டா கூடுகளுக்குள் நுழைந்து, ராணியின் மணத்தைப் போன்றதொரு மணத்தைத் தாமே சுரந்து, முட்டையிடத் தொடங்கின. கூட்டுக்காரத் தேனீக்கள் அந்தப் புழுக்களையும் ஊட்டி வளர்த்தன. உண்மையான ராணி மறைந்தாள்; வந்தவையோ பூவைத் தேடிப் போவதில்லை; உழைக்கும் தேனீக்கள் வயதாகி மடிய, கூடு வெறிச்சோடியது. இப்படிப் பல்லாயிரம் கூடுகள் அழிந்தன. அழித்தவை யாவும் ஒரே ஒரு பணித்தேனீயின் வழிவந்த நகல்கள் என்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை.

பெட்டிகளை இடம் மாற்றுவதே தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். 1860 முதல் நம்மவர்கள் இங்கே நட்ட கரும்புக்குக் கரணை போதும், தேனீ வேண்டாம். ஆனால் கிராபோ, செரெஸ் பகுதிகளின் ஆப்பிள் மரங்களுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் கிடைத்தாக வேண்டும். பூக்கும் காலத்தில் விவசாயிகள் வாடகை கொடுத்துப் பெட்டிகளை வரவழைக்கிறார்கள். தேன் விற்று வரும் பணத்தைவிட அந்த மகசூல்தான் நாட்டுக்குப் பெரிது. ஆனால், எந்தத் தேனீயை எந்த எல்லைக்கு அப்பால் கொண்டுபோகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

கேப் தேனீயும் ஸ்கூட்டெல்லாட்டாவும் ஒரே இனத்தின் இரு வகைகள்; இத்தாலியத் தேனீயும் நம் இந்தியத் தேனீயுமோ வெவ்வேறு இனங்கள். ஆகவே இங்கு நடந்தது அப்படியே அங்கு நடக்காது. நோய்தான் என் அச்சம். வர்ரோவா உண்ணி முதலில் நம் இந்தியத் தேனீயின் மேல்தான் வாழ்ந்தது. அதனோடு ஒத்துப்போகப் பழகிய அந்த இனத்தை விட்டு, இத்தாலியத் தேனீ உள்ளிட்ட ஐரோப்பியத் தேனீயிடம் தாவிய பிறகே அது உலகெங்கும் கூடுகளைக் கொன்றது. 1997இல் இந்நாட்டுக்கும் வந்தது. இங்குள்ள இரு வகைகளும் பெரும்பாலும் மருந்தில்லாமலே தாக்குப்பிடித்துவிட்டன. புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் 1990களின் தொடக்கத்தில் நம் பகுதிப் பெட்டிகளைக் காலி செய்தபோதும் சில கூடுகள் பிழைத்தன அல்லவா? வெளியிலிருந்து வாங்குவதற்குமுன், அவற்றின் வழிவந்த கூடுகளைப் பிரித்துப் பெருக்கிப் பார்க்கச் சொல் என்பதே என் எண்ணம்.

அப்போது பிழைத்த கூடுகள் யாருடைய தோட்டத்தில் இருந்தன, அவற்றின் வழி இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது. தங்கைக்கும் மகனுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ஜெபமணி